வரையாட்டைச் சுவரில் எழுதுவதா, மண்ணில் பிடிப்பதா, திரையில் ஆட்டுவதா?

அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை, சேத்துமடை என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாலும் அந்த வாரத்துக்கு ஒரே நிகழ்ச்சிதான்: ஓவியப் போட்டி. பிள்ளைகள் சிங்கம் வரைவார்கள், ஒட்டகச்சிவிங்கி வரைவார்கள், கொஞ்சம் கைத்திறன் உள்ள பிள்ளை புலி வரைந்து முதல் பரிசு வாங்கிக்கொண்டு போகும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையில் வாழும் வரையாட்டையும் சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தியையும் இருவாச்சிப் பறவையையும் யாரும் வரைவதில்லை. அது பிள்ளைகளின் குற்றம் இல்லை, அவர்கள் கையில் கிடைக்கிற அட்டைப்படப் புத்தகத்தில் அவை இல்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிற ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், கையில் இருக்கும் பணமோ கொஞ்சம்தான். சுவரோவியம், கொலு பொம்மை, உண்ணிச்செடிச் சிற்பம், தோல்பாவைக்கூத்து என்று நாலு யோசனைகள் பேச்சில் அடிபடுகின்றன. நாலையும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்தும், செய்கிறவர்களிடம் கேட்டதை வைத்தும் எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் எவ்வளவு அழகு என்பதைவிட, அந்த விலங்கோடு அன்றாடம் வாழ்கிறவர்கள் கை அதில் படுகிறதா, பார்த்தவர் போகும்போது இதைச் செய்ய வேண்டும் அல்லது செய்யக்கூடாது என்று ஒரு விஷயத்தையாவது எடுத்துக்கொண்டு போகிறாரா, இந்த இரண்டையும்தான் நான் பார்க்கிறேன்.

"கலை செய்து என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்பவர்கள் நம் பாலக்காட்டு ஜில்லாவைத் தாண்டிப் போகவே வேண்டாம். குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி சைலன்ட் வேலி மழைக்காட்டின் ஒரு பகுதியை மூழ்கடிக்க இருந்த திட்டத்தை எதிர்த்து 1970களின் கடைசியில் எழுந்த இயக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் கணக்கும் ஆய்வும் ஒரு பக்கம் என்றால், சுகதகுமாரி போன்ற கவிஞர்களின் கவிதைகளும் கூட்டங்களும் இன்னொரு பக்கம். அந்தப் போராட்டத்தின் முகமாக நின்றது நம்ம சோலைமந்திதான். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. கவிதை மட்டும் தனியாக அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்சாரத் திட்டத்தின் அறிக்கையைப் படிக்காத வீடுகளுக்குள்ளும் அந்தக் குரங்கு போய்ச் சேர்ந்தது கவிஞர்களால்தான்.

இன்னொரு உதாரணம் அசாமில். பெருநாரை என்று சொல்லக்கூடிய ஹர்கிலாப் பறவையை முன்பு அங்கே அபசகுனம் என்று விரட்டுவார்கள், கூடு கட்டிய மரத்தையே வெட்டுவார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற வனவிலங்கு உயிரியலாளர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, அவர்கள் நெய்கிற சேலையிலும் கமோசாத் துண்டிலும் ஹர்கிலா உருவத்தைப் போடவைத்தார், பறவைக்கு வளைகாப்பு மாதிரி விழாவே நடத்தினார். தறியும் அவர்களுடையது, சடங்கும் அவர்களுடையது, பறவை மட்டும்தான் அதில் புதிதாக வந்து உட்கார்ந்தது. காம்ரூப் பகுதிக் கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-க்கு மேல் ஏறின. 2022-ல் அவருக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. 2023-ல் அந்தப் பறவை அழிவாபத்துப் பட்டியலில் இரண்டு படி பாதுகாப்பான இடத்துக்கு இறங்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்முடைய நாலுக்கும் வருவோம்.

சுவரோவியம். எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் செய்வது சுலபம், போட்டோ எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எந்தச் சுவர் என்று யாரும் யோசிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரில் வரையாட்டை வரைந்தால் அதைப் பார்க்கப்போவது அதே பிள்ளைகள்தான், மூன்றாம் வாரத்தில் அவர்கள் கண்ணுக்கும் அது தெரியாமல் போய்விடும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள், அதில் ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனைப் பக்கம் வரையாடுகள் ரோட்டோரம் வரைக்கும் வந்து நிற்கும். வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டை நீட்டி, கொம்பைப் பிடித்து செல்ஃபி எடுக்கப் பார்க்கிற ஆட்கள் எல்லாரும் அதற்கு முன்னால் ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்படி வண்டி தானாகவே நிற்கிற இடத்துச் சுவர்தான் நமக்கு வேண்டியது. சேத்துமடையும் அப்படித்தான்: பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தில் சேர்ந்தது, கேரளத்து இடம், ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் போக முடியும். எனவே இரண்டு மாநிலத்து ஆட்களும் அங்கே காத்து நிற்பார்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒரு வரி, "தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள்", பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வரையாடு. அதற்கு மேல் எதையும் எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

உருவம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இணையத்தில் முதலில் கிடைக்கிற மலை ஆட்டுப் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, தாடி வைத்துவிடுகிறார்கள். நம் வரையாட்டுக்குத் தாடி கிடையாது. கொம்பு கிடாவுக்கும் உண்டு, பெட்டைக்கும் உண்டு, பின்பக்கமாக வளைந்திருக்கும். வயதான கிடாவுக்கு உடம்பு கருத்து, முதுகில் மட்டும் சேணம் போட்ட மாதிரி வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டையை ஒழுங்காகப் போட்டாலே தூரத்தில் இருந்து இது வரையாடு என்று தெரிந்துவிடும். 2025-ல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, மொத்தமே இவ்வளவுதான், அதற்கும் தாடி ஒட்டி வேறு ஆடாக்கிவிட்டால் நாம் எதைக் காப்பாற்றச் சொல்கிறோம்?

செலவு என்று பார்த்தால் பெயின்டைவிடச் சுவரைத் தயார் செய்வதற்குத்தான் அதிகம். ஓதம் ஏறிய சுவரில் எந்த எமல்ஷன் அடித்தாலும் அடுத்த மழைக்குப் பொரிந்து விழும். நமக்குத் தென்மேற்கு மழையான இடவப்பாதியும் உண்டு, வடகிழக்கு மழையான துலாவர்ஷமும் உண்டு, எனவே இரண்டு மழைக்கும் இடையில் கிடைக்கிற புரட்டாசி வெயிலில்தான் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, காயவிட்டு வரைய வேண்டும். வரைகோட்டை ஒரு நல்ல பெயின்டர் போடட்டும், உள்ளே நிறம் நிரப்புவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், தான் நிரப்பிய காலை ஒரு பிள்ளை பெரியவனாகும் வரை மறக்காது.

தூரிகை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீரி முடியில் செய்த தூரிகைகள் இன்னும் சில கடைகளில் கள்ளத்தனமாக ஓடுகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், 2019-ல் நாடு முழுக்க இதற்காகவே சோதனை நடத்தினார்கள். முடியை விரித்துப் பார்த்தால் ஒரே முடியில் கருப்பும் வெளிர்நிறமும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும், அப்படி இருந்தால் தொடாதீர்கள். நைலான் தூரிகை போதும். ஒரு விலங்கைக் காப்பாற்றும் படத்தை இன்னொரு விலங்கைக் கொன்ற முடியால் வரையக்கூடாது.

கொலு பொம்மை. எனக்கு இதன்மேல் தனி ஆசை உண்டு. கல்பாத்தி அக்ரஹாரத்தில் இருந்து பொள்ளாச்சி வரைக்கும் புரட்டாசியில் கொலு வைக்கிற வீடுகள் ஏராளம், நவராத்திரியும் வனவிலங்கு வாரமும் ஏறக்குறைய ஒட்டியே வரும். கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் பார்க் வைப்பார்கள் இல்லையா, ஆற்று மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கப்போட்டுப் புல்வெளி செய்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி. அந்தப் பார்க்கில் வழக்கமாக நிற்பது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிங்கமும் வரிக்குதிரையும். அதற்குப் பதிலாக ஆனைமலையையே வைக்கலாம்: மேலே புல்வெளியும் பாறையும், அதில் வரையாடு, நடுவே சோலை, அதில் மந்தி, ஓரத்தில் ஒரு பொந்து மரம், பெட்டை இருவாச்சி உள்ளே இருந்து அடைத்துக்கொண்டு முட்டையின் மேல் உட்கார்ந்திருக்க, அலகுக்கு மட்டும் ஒரு கீற்று இடைவெளி, வெளியே பழம் கொண்டுவரும் ஆண் பறவை. அந்த மரத்தை வெட்டினால் ஒரு குடும்பமே போகும் என்பதை சுண்டல் வாங்க வந்த பிள்ளைக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிகிறது.

இதற்குப் பொம்மை செய்து தர முடியுமா என்று எல்லைப் பக்கத்தில் மண்பொம்மை செய்கிற வேளார் ஒருவரிடம் போய்ச் சோலைமந்திப் படத்தைக் காட்டினேன். கருப்பு முகம், அதைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாலில் விரலை வைத்தார்.

"இது நிக்காதுங்க தம்பி. நீட்டி வெச்சா சூளையிலயே போயிரும். சூளைல தப்பிச்சாலும் முதல் கொலுவுல ஒடஞ்சிரும்."

"வாலுதானுங்க அடையாளமே. அது இல்லாட்டி வேற குரங்காயிடுமுங்க."

"அப்ப கிளையில உக்காந்த மாதிரி பண்ணி, வாலைத் தொங்கவுட்டு அடிமரத்தோட ஒட்டிவுட்றலாமுங்க. குஞ்சமும் நிக்கும், மரமும் தாங்கும்."

அப்படியே செய்து கொடுத்தார். நன்றாக நிற்கிறது. அதைவிட முக்கியம், மந்தி பெரும்பாலும் மரத்திலேயே வாழும் விலங்கு என்பது பொம்மையின் அமைப்பிலேயே வந்துவிட்டது. நீலகிரிக் கருமந்தியோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள் (இரண்டும் கருப்பு, இரண்டும் மரத்தில்), அதற்குப் பிடரி பழுப்பாக இருக்கும், வாலில் குஞ்சம் இருக்காது. கொலுவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு ஒரு தடவையில் மனதில் நிற்கும்.

கொலுவின் குறை, அது கொலு வைக்கிற வீடுகளுக்குள் மட்டுமே இருக்கும். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் மலையடிவாரத் தோட்டத்து வீட்டிலும் இருக்கிறவர்கள்தான் நிஜத்தில் மந்தியோடும் யானையோடும் இடித்துக்கொண்டு வாழ்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பொம்மை போய்ச் சேராது, பள்ளிக்கூடத்திலோ வாசகசாலையிலோ பொதுக்கொலுவாக வைத்தால் தவிர. அப்புறம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், மண்ணோ காகிதக்கூழோ போதும்.

உண்ணிச்செடி யானை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் உடனே இதைத்தான் கேட்கிறார்கள். அங்கே பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு நிஜ யானையின் சாயல். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன, 2024-ல் அமெரிக்காவுக்கு நூறு யானைகள் போயின. நாலு வழிகளிலும் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான், காரணம் யானை உருவம் இல்லை, பொருள். அழகுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடி நம் காடுகளைப் புதராக மூடி, யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. அந்தச் செடியை வெட்டி யானை செய்தால் காட்டுக்கும் நல்லது, வெட்டுகிறவர் வீட்டுக்கும் வருமானம்.

ஆனால் இதை நம் ஊர் மன்றம் ஒரு வாரத்தில் செய்ய முடியாது. நிஜ அளவு யானைக்கு வெல்டிங் செய்த சட்டம் வேண்டும், பழகிய கை வேண்டும், மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். காட்டுக்குள் போய்ச் செடியை வெட்ட வனத்துறை அனுமதியும் வேண்டும். தெரியாமல் ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற யானையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு முழு யானைக்கு ஆசைப்படாமல், தோட்டத்து வேலியோரம் மண்டிய செடியை வெட்டி மந்தியின் தலை, இருவாச்சியின் அலகு என்று சிறியதாகச் செய்யலாம். அதையும் கூடை முடையத் தெரிந்த மலைவாழ் மக்களைக் கூப்பிட்டு, அவர்களுக்குக் கூலி கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். கேரளத்து வாழச்சால் பக்கம் காடர் சமூகத்தினர் இருவாச்சிக் கூடுகளை வருஷா வருஷம் கண்காணிக்கிறார்கள், அந்தப் பறவையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது.

அலகு என்றதும் அருணாசலப் பிரதேசம் ஞாபகம் வருகிறது. அங்கே நிஷி இனத்தவர் தலைப்பாகையில் இருவாச்சி அலகைச் சூடுவது மரபு. மரபை விடச் சொல்லிச் சண்டை போடாமல், கண்ணாடியிழையில் அசல் மாதிரியே அலகு செய்து கொடுத்தார்கள், பலர் அதற்கு மாறிக்கொண்டார்கள். அங்கே கைவினை ஒரு பறவையின் உயிருக்கு நேரடி மாற்றாகவே நின்றது. நம் பக்கம் அப்படி எங்கே பயன்படும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அந்த யோசனைக்கு ஒரு பதில் தோல்பாவைக்கூத்திலேயே இருக்கிறது. பாலக்காட்டு பகவதி கோயில் கூத்துமாடங்களில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, திரைக்குப் பின்னால் பாவையை ஆட்டி, கம்பராமாயணப் பாட்டைப் பாடுவார்கள். மலையாளத்து அம்மன் முன்னால் விடிய விடிய தமிழ்ப் பாட்டு! ஆடுகிறவர்களுக்குப் புலவர் என்றே பெயர். அந்தப் பாவைகளை முன்பு மான் தோலில் செய்தார்கள். சட்டம் வந்த பிறகு ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் மாறினார்கள், கூத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஷொரணூர் பக்கம் கூனத்தறையில் ராமச்சந்திர புலவர் குடும்பம் காந்தி கதையைக்கூடத் திரையில் ஆட்டியிருக்கிறது, அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனவே "புராணக்கூத்தில் புதுக்கதையா" என்று யாரும் தயங்க வேண்டாம்.

சோலைமந்திக்கு இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குத் தெரியவில்லை. வாலியும் சுக்ரீவனும் அனுமனும் ஏற்கெனவே அந்தத் திரையில் இருக்கிறார்கள். அனுமன் சொந்தக்காரனைத் தேடி வால்பாறைக்கு வருகிறான், தேயிலைக்கு நடுவே தீவு மாதிரி மிஞ்சிய சோலையில் அவர்கள் வாழ்வதைப் பார்க்கிறான் என்று ஆரம்பித்தாலே போதும், பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்துவிடுவார்கள். வால்பாறைப் புதுத்தோட்டத்து மந்திகள் காட்டு மரமான வெடிப்பலாவின் பழம் தின்ன வேண்டிய வாயால் வீட்டுச் சமையலறையில் சோறு எடுப்பதும், ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவதும், மேலே மரத்துக்கு மரம் கட்டிய பாலத்தில் அவை கடந்துபோவதும், இந்த மூன்று காட்சிதான் கதை. விலங்கு கருப்பு என்பதால் நிழலாகவே விழுந்தாலும் ஒன்றும் குறைவதில்லை: முகத்தைச் சுற்றிச் சிலிர்த்த பிடரியின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளையிட்டால் விளக்கொளி அதன் வழியே வந்து அந்த இடம் மட்டும் வெள்ளியாக மின்னும், வால் குஞ்சத்தைத் தனித் துண்டாக வெட்டி நூலில் கோர்த்தால் தாவும்போது அது தனியாக ஆடும்.

தோல் பாவைக்குப் பணம் இல்லையென்றால் கெட்டி அட்டையில் பிள்ளைகளே வெட்டலாம், மூங்கில் குச்சி, வெள்ளை வேட்டி, ஒரு பல்பு, வேறென்ன வேண்டும். புலவர் ஒருவரை ஒரு நாள் அழைத்து ஆட்டக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். கோயில் கூத்து பெரும்பாலும் தை பிறந்து கோடைக்குள் நடப்பது, புரட்டாசியில் அவர்களைப் பிடிப்பது அவ்வளவு சிரமம் இல்லை. எஸ்டேட் லயத்து முற்றத்தில் சாயங்காலம் வேட்டியைக் கட்டிவிட்டால், சுவரும் கொலுவும் போகாத இடத்துக்கு இது போகும். இரண்டு மொழியும் அதில் கலந்து வரலாம், இங்கே எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். குறை என்னவென்றால் ஆட்டம் முடிந்தால் முடிந்தது, அடுத்த நாள் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் கூத்தைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். கொஞ்சம் கூட இருந்தால் சேத்துமடையிலோ ஆழியாற்றிலோ ஒரு சுவர். கொலு, ஏற்கெனவே வைக்கிற பழக்கம் உள்ள பள்ளிகளுக்கு மட்டும். உண்ணிச்செடியை இந்த வருஷம் விட்டுவிட்டு, அடுத்த கோடையில் நாலு பேரைக் கூடலூருக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். எதைச் செய்தாலும் ஒரு விலங்கு மட்டும் போதும், வரையாடு என்றால் வரையாடு, அக்டோபர் 7 வரையாடு தினம் அந்த வாரத்துக்குள்ளேயே வருகிறது. சுவருக்கு வனத்துறையிடமும் பஞ்சாயத்திடமும் எழுதிக் கேட்பதை ஆடியிலேயே தொடங்கிவிடுங்கள், கடிதத்தோடு வரைகோட்டுப் படத்தையும் வையுங்கள், ரேஞ்சர் ஆபீஸில் தினமும் வரையாட்டைப் பார்க்கிற வேட்டைத்தடுப்புக் காவலர்கள் இருப்பார்கள், கொம்பு வளைவு சரியா என்று அவர்களிடம் காட்டிய பிறகு பெயின்ட் வாங்கினால் போதும்.